கனத்தை மதிலடியில் நின்ற கார்

என் பெரியம்மாவை எங்கள் வீட்டிலிருந்து அனுப்பியது ஒரு கார். அந்தக் காரை அப்படிச் செய்ய வைத்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். இடையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கதைகள் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொல்லவில்லை.

போன மாதம் மகளின் காரில் போனபோது, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று முன்னாலிருந்த சிறிய திரையில் இலக்கங்கள் வந்துகொண்டிருந்தன. இலக்கம் குறைந்தால் கராஜில் ஒரு வயரைச் செருகிப் பார்ப்பார்களாம், காரணம் எழுத்தில் வந்துவிடுமாம். எங்கள் வீட்டில் அந்தக் காரணத்தைத் தேடி ஒரு குடும்பமே வாரக்கணக்கில் அலைந்தது. கடைசியில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட காரணம் செத்துப்போன ஒரு மனிதர்.

கார் பெரியப்பாவுடையது. கறுப்பு நிறத்தில், இங்கிலாந்தில் செய்த சின்னக் கார். பெரியப்பாவும் பெரியம்மாவும் கிருலப்பனையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் மத்தியானம், வேலை பார்த்த கந்தோரில், மேசையில் தலையைச் சாய்த்த பெரியப்பா பிறகு நிமிரவில்லை. பொரளைப் பக்கத்து மயானமான கனத்தையில் தகனம் நடந்தது. அடுத்த மாதம் பெரியம்மா இரண்டு சூட்கேசுகளுடனும் அந்தக் காருடனும், வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தார். காரை மதிலோரம் தகரக் கூரையின் கீழ் விட்டார்கள். நான்கு மாதம் அது அங்கேயே கிடந்தது. பிறகு அப்பா நாற்பத்தைந்து வயதில் கார் ஓடப் பழகி, அதிலேயே கந்தோருக்குப் போகத் தொடங்கினார்.

அப்பா வெளிக்கிடும் நேரம் பெரியம்மா தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லவில்லை. புருஷனை இழந்தவள் எதிரில் வந்தால் போகிறவருக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர், தானாகவே அப்படிச் செய்தார். காரை அவர் தொடவே மாட்டார். ஒன்பது வருடம் முன்சீற்றில் உட்கார்ந்து போன கார் அது. இப்போது துணி காயப்போட வரும்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டு போவார்.

ஆனால் அப்பாவின் உயிரைப் பற்றி அவருக்குப் பயம் இருந்தது. அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வரலாம் அல்லவா? வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலுக்குப் போய், ஐயரிடம் மந்திரித்த மஞ்சள் நூல் ஒன்று வாங்கி வருவார். அதை என் கையில் வைத்து மூடுவார்.

“ராசா, இதைக் கொண்டுபோய்க் காரில கட்டு. கண்ணில படாத இடமாப் பாத்துக் கட்டு. நான் தந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.”

“ஏன் பெரியம்மா?”

“என்ர கை பட்டதெண்டால் உன்ர மாமி அறுத்தெறிஞ்சு போடுவா. அறுந்தால் அப்பாவுக்குக் கூடாது.”

மாமி என்றது அப்பாவின் அக்காவை. கொட்டாஞ்சேனையில் இருந்தவர், ஞாயிறு தோறும் எங்கள் வீட்டுக்கு வருவார்.

கண்ணில் படாத இடம் தேடினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் உயரத்தில் ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. சோக் என்பார்கள். காலைக் குளிரில் எஞ்சின் பிடிக்காவிட்டால் அதை வெளியே இழுக்க வேண்டும். சூடேறியதும் முழுவதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். அதன் வேலை என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. குமிழுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்று போனது. அந்தக் கம்பியைச் சுற்றி நூலைக் கட்டினேன். பட்டம் விடுகிறவர்கள் போடும் முடிச்சு, ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். அடுத்த வெள்ளி இன்னொரு நூல். அதற்கடுத்த வெள்ளி இன்னொன்று. மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து அது கம்பியில் ஒரு வளையமாகத் தடித்துக்கொண்டு வந்தது.

ஒரு மாதத்தில் கார் பெற்றோல் குடிக்கத் தொடங்கியது.

முதலில் அப்பா பெற்றோல் ஷெட்காரனைச் சந்தேகித்தார். பிறகு பெற்றோல் ராங்கி ஒழுகுகிறதா என்று நிலத்தில் கடதாசி விரித்துப் பார்த்தார். சக்கரங்களுக்குக் காற்று அடித்தார். ஒன்றும் சரிவரவில்லை. காருக்குள் ஏறினால் பெற்றோல் மணம் தலையைச் சுற்றியது. சந்தியில் நின்றால் எஞ்சின் குலுங்கி அணைந்தது. பின்பக்கமாகக் கொண்டுவந்து விடுவதால் புகைக்குழாய்க்கு நேரே வெள்ளை மதிலில் கரி படிந்தது. அம்மா தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவினார். மூன்று நாளில் திரும்பவும் படிந்தது. முதலில் ஒரு வட்டமாக இருந்தது, பிறகு வட்டத்தின் கீழ் இரண்டு பக்கமும் அகன்று இறங்கியது. யாரோ மதிலோடு முதுகை ஒட்டி நிற்கிற மாதிரி. அதைப் பார்த்த பிறகு அம்மா கழுவுவதை நிறுத்திவிட்டார்.

இன்னொன்றும் நடந்தது. அப்பா எஞ்சினை அணைக்கத் திறப்பை முறுக்கி வெளியே எடுத்த பிறகும் அது உடனே நிற்காது. திறப்பு அப்பாவின் கையில் இருக்கும். கார் தானாகவே நான்கைந்து தரம் இருமிவிட்டுத்தான் அடங்கும். கரி பிடித்த எஞ்சின் அப்படிச் செய்யும் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். அப்போது நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இருமலை எண்ணுவோம்.

கிராண்ட்பாஸில் ஒரு கராஜ் வைத்திருந்த முஸ்லிம் ஒருவரிடம் அப்பா காரைக் கொண்டுபோனார். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். புறப்படுவதற்கு முன் நான் நூல்களை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கராஜில் எல்லாவற்றையும் கழற்றுவார்கள், நூல் அகப்பட்டால் பெரியம்மா அகப்படுவார் என்ற பயம். நானா ஒரு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்று பார்த்தார். காற்று வடிகட்டியைத் தட்டினார், காபுரேட்டரைக் கழுவினார். எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. வீட்டுக்கு வந்ததும் நான் நூல்களைத் திரும்பக் கட்டினேன். திங்கட்கிழமை கார் பழையபடி இருமியது.

அப்பா மறுபடி போனபோது நானா ஒரு சோடாப் போத்தலையும் றப்பர் குழாயையும் கொடுத்தனுப்பினார். ராங்கியை விட்டுவிட்டு, போத்தலில் அளந்து ஊற்றிய பெற்றோலை மட்டும் எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். அது முடியும் இடத்தில் கார் நிற்கும். ஓடிய தூரத்தை மீற்றரில் பார்த்தால் கார் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஞாயிறு காலையில், சனமில்லாத நேரத்தில், நேரான றோட்டில் ஓடிப் பார்க்கும்படி சொன்னார். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிச் சந்தி, அங்கிருந்து புல்லர்ஸ் வீதி வழியாகப் பொரளைப் பக்கம் போய், சுற்றித் திரும்ப வீட்டுக்கு வந்துவிடலாம், சுகமான கார் என்றால் போத்தலில் இன்னும் கொஞ்சம் மிஞ்சும் என்றார்.

முதல் ஞாயிறு நானும் அப்பாவும் போனோம். போத்தலை முன்கண்ணாடியின் ஓரத்தில் கட்டியிருந்தோம். அதற்குள் பெற்றோல் இறங்குவதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. புல்லர்ஸ் வீதியில் ஒரு குருவி இல்லை. மரங்களின் நிழலுக்குள் போய்க்கொண்டே இருந்தோம். கனத்தைச் சேமக்காலையின் வாசலைக் கடந்து, நீண்ட மதிலின் பாதியில் போத்தல் வெறுமையானது. கார் ஒரு தரம் உதறியது. நின்றது. வலது பக்கம் மதில், அதற்கு மேலால் தெரிந்த சிலுவைகள், அவற்றுக்கும் அப்பால் சுடலைப் புகைக்கூண்டு. பெரியப்பாவை எரித்த இடம்.

அப்பா வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துவிட்டு ராங்கிக் குழாயை மாட்டினார்.

அடுத்த ஞாயிறும் போனோம். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்துபோயிருந்தது, ஒரு நூல் கூடியிருந்தது. கார் அதே மதிலோரம் நின்றது. ஆனால் போன தடவை நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே. வாசலுக்குக் கிட்ட.

ஒரே போத்தல், ஒரே றோட்டு, ஒரே கால். வேறெங்கே நிற்கும்? இன்று இதை ஒரு குழந்தைக்கும் விளங்கப்படுத்துவேன். ஆனால் கார் நின்ற பிறகு வரும் அந்த அமைதிக்குள் இருந்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. அன்று மத்தியானம் அவர் அம்மாவிடம் இரகசியமாகச் சொல்ல, அம்மா மாமியிடம் சொன்னார்.

நானாவுக்கு இது பிடிக்கவில்லை. பேய்க்குப் பெற்றோல் எதற்கு, அதற்கு லைசன்ஸும் இல்லையே என்று சிரித்தார். தானே ஓடிப் பார்ப்பதாகச் சொல்லி அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நான் நூல்களை அவிழ்த்துவிட்டேன். நானா ஓட, அப்பா பக்கத்தில் இருக்க, நான் பின்னால். கார் சேமக்காலை வாசலையும் மதிலையும் கடந்து, பொரளையைச் சுற்றி, ஹெவ்லொக் டவுன் வழியாகத் திரும்பி, எங்கள் ஒழுங்கை வரை வந்து சேர்ந்தது. போத்தலின் அடியில் இரண்டு விரல் பெற்றோல் மிஞ்சியிருந்தது.

நானா பொனற்றைத் திறந்து பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். நல்ல பிளக்கின் நுனி பிஸ்கற் நிறத்தில் இருக்குமாம். இது கண்மை பூசியதுபோலக் கறுத்திருந்தது. அவருடைய சிரிப்பு போய்விட்டது. நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சேர், கோவிக்க வேணாம். சோக்க உள்ளுக்குத் தள்ளாமயா ஓட்டுறீங்க?”

அப்பாவின் முகம் சிவந்தது.

“எனக்குக் கார் ஓடத் தெரியாதெண்டு சொல்லுறீரோ?”

“அப்பிடி இல்ல சேர்...”

“ஒவ்வொரு நாளும் தள்ளித்தான் விடுறன். ஒரு சோக்கைத் தள்ளத் தெரியாதவனே நான்?”

அப்பா பொய் சொல்லவில்லை. அவர் தள்ளினார். இனிப் போகாது என்ற இடம் வரை தள்ளினார். அப்பா உள்ளே போன பிறகு நானா, முன்சீற்றில் இருந்த எனக்கு அந்தக் குமிழை இழுத்துக் காட்டினார்.

“மகன், இத இழுத்தா எஞ்சினுக்குக் காத்துப் போற வழி மூடும். ஒரு விரக்கட வெளிய நின்டாலும் போதும், மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுற ஆள் மாதிரித்தான். காத்து இல்லாம பெற்றோலையே குடிச்சுக்கிட்டு இருப்பான். வாப்பாக்கிட்ட நேரம் பாத்துச் சொல்லுங்க.”

அவர் அதைச் சொன்னபோது ஒன்பது மஞ்சள் நூல்களும் என் சட்டைப் பையில் இருந்தன. நான் குமிழை உள்ளே தள்ளினேன். அது என்றும் போகாத ஆழத்துக்குப் போய் ‘டிக்’ என்று பலகையில் ஒட்டி நின்றது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: இத்தனை நாளும் நூல் வளையம்தான் அதை முழுவதும் உள்ளே போகவிடாமல் தடுத்திருந்தது.

அன்று பின்னேரம் நூல்களை நான் திரும்பக் கட்டினேன்.

ஏன் கட்டினேன் என்பதைத்தான் நான் இங்கே எழுத வேண்டும். முதல் காரணம், காப்பு இல்லாத காரில் போனால் அப்பா செத்துப்போவார் என்று பயந்தேன். நானா சொன்னதையும் நம்பினேன், பெரியம்மா சொன்னதையும் நம்பினேன். பெற்றோல் போனால் போகட்டும், அப்பா இருக்கட்டும். இந்தக் காரணத்துக்காக என்னை மன்னிக்கலாம். இரண்டாவது காரணம் அப்படிப்பட்டதல்ல. பள்ளிக்கூடத்தில் எங்கள் காரைப் பற்றி நான் சொல்லும் கதையைக் கேட்கப் பெரிய வகுப்புப் பெடியன்கள்கூட வந்தார்கள். அதுவரை என்னை ஒருவரும் அப்படிச் சூழ்ந்து நின்றதில்லை. சோக்குக் குமிழில் சிக்கிய நூலின் கதையைக் கேட்க யார் வருவார்கள்?

அடுத்த ஞாயிறு மாமி, தானும் வந்து பார்க்கப்போவதாகச் சொல்லி முன்சீற்றில் ஏறினார். பத்து நூல்கள். கார் புல்லர்ஸ் வீதியில் ஓடி, உதறி, சேமக்காலை வாசலுக்கு நேரே நின்றது. ஒரு அடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பூக்கடைகள் இன்னும் திறக்கவில்லை. இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. மாமி திருநீற்றுப் பொட்டலத்தைத் தேடினார். அப்பா ராங்கிக் குழாயை மாட்டி, திரும்ப வீட்டுக்கு ஓட்டி வந்து, திறப்பை எடுத்தார். எஞ்சின் இருமியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அந்த அமைதியில் நான் சொன்னேன்: “பெரியப்பாவும் இப்பிடித்தான் இருமுறவர்.”

அவர் அப்படி இருமியதே இல்லை. அவர் இருமி நான் கேட்ட ஞாபகமே இல்லை. ஆனால் மாமி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். இரண்டு பேரும் என்னை அப்படிப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாமி அன்று கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. அறைக்குள் அப்பாவோடு கதைத்தார். கதவு திறந்துதான் இருந்தது.

“தம்பி, நான் சொல்லுறனெண்டு கோவிக்காதை. பெரியண்ணை தனியப் போக விரும்பேல்லை. அவ இஞ்சை இருக்குமட்டும் அவரும் இந்த வீட்டைச் சுத்திக்கொண்டுதான் நிப்பார். இண்டைக்கு வாசல் வரைக்கும் கொண்டுவந்திட்டார். நாளைக்கு?”

“விசர்க் கதை கதையாதை அக்கா.”

“அப்ப ஏன் நிக்குது? சொல்லு பாப்பம், நீ படிச்சனிதானே.”

அப்பா மூடநம்பிக்கைக்காரர் அல்ல. ஆனால் அவருக்கு முன்னால் இரண்டே காரணங்கள்தான் இருந்தன. ஒன்று அண்ணனின் ஆவி. மற்றது, கந்தோரில் பிரதம எழுதுவினைஞராக இருந்தும் ஒரு சோக்கைக் கையாளத் தெரியாத மனிதர். ஆவியை ஏற்றுக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இரவுச் சாப்பாட்டின்போது, இடியப்பத் தட்டை அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டு, யாழ்ப்பாணத்தில் தன் தமையன் வீட்டுக்குப் போகலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். அந்தத் தமையன் வீட்டைப் பற்றி அவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அங்கே போனால் குசினியும் கிணற்றடியும்தான், பத்திரிகை வாசிக்கக்கூடக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று. எங்கள் வீட்டில் அவர் ஒவ்வொரு பின்னேரமும் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தார். கடற்கரைத் தண்டவாளத்தடியில் என்னோடு நடந்தார். தன் வயதில் இதுதான் தனக்குக் கிடைத்த பிள்ளை என்று ஒரு தரம் என் தலையைத் தடவினார்.

யாராவது ‘ஏன், இஞ்சையே இருங்கோ’ என்று சொல்வார்கள் என்று நான் பார்த்தேன். அம்மா தட்டைப் பார்த்தார். அப்பா, “கொஞ்ச நாளைக்கு எண்டால் நல்லதுதான் அண்ணி,” என்றார்.

அவர் புறப்படும் வரை எனக்கு எட்டு நாட்கள் இருந்தன. எட்டு நாட்களில் எந்த நிமிடமும் நான் பேசியிருக்கலாம். அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் குமிழைக் காட்டியிருக்கலாம். வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த இருமல் வந்து குறுக்கே நின்றது. நூலைச் சொன்னால் இருமலையும் சொல்ல வேண்டும். இருமல் பொய் என்றால் பள்ளிக்கூடத்தில் சொன்னதெல்லாம் பொய். அடிக்கு நான் பயப்படவில்லை. பொய்யன் என்று பெயர் எடுக்கத்தான் பயந்தேன். பெரியம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக நான் ஒரு தந்திரம் செய்தேன். அவர் போகிற அன்று அதிகாலை நூல்கள் அத்தனையையும் அவிழ்த்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன். கையில் இருந்தாலும் காப்புத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கார் கோட்டை ஸ்ரேஷன் வரை குலுங்காமல் ஓடினால், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்பா காரைத் திருப்புவார் என்று நம்பினேன்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு பெரியம்மா அன்றைக்குத்தான் திரும்பவும் அந்தக் காரில் ஏறினார். பின்சீற்றில் எனக்கும் மாமிக்கும் நடுவில் இருந்தார். கார் வழுக்கிக்கொண்டு போனது. பெற்றோல் மணம் இல்லை. பம்பலப்பிட்டியில் நின்றது, அணையவில்லை. காலிமுகத்தைத் தாண்டும்போது அப்பாவின் தோள்கள் தளர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். இனித் திருப்புவார் என்று காத்திருந்தேன். ஸ்ரேஷனில் திறப்பை எடுத்தார். எஞ்சின் உடனே அடங்கியது. ஒரு இருமல்கூட இல்லை.

மாமி பெருமூச்சு விட்டார். “பாத்தியே தம்பி,” என்றார், பெரியம்மா கேட்கும்படியாகவே. “அவவோடை அவரும் வெளிக்கிட்டிட்டார்.”

அந்தக் கணத்தில்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. முழுவதும் தெரியவில்லை. அதன் பிறகு நூல் கட்ட ஆளில்லை. கார் ஒழுங்காக ஓடியது, அம்மா மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார், கரி திரும்ப வரவில்லை. மாமி சொன்னது சரி என்பதற்கு ஒவ்வொரு நாளும் கார் சாட்சி சொன்னது. பெரியம்மா அந்தத் தமையன் வீட்டில் பதினொரு வருடம் இருந்து அங்கேயே போய்ச் சேர்ந்தார். இடையில் இரண்டு தரம் நான் அவரைப் போய்ப் பார்த்தேன். முதல் தரம் எனக்குப் பதினாறு வயது, இரண்டாம் தரம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரமும் குசினி வாசலில் நின்று தேத்தண்ணி தந்தார். இரண்டு தரமும் நான் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று ஸ்ரேஷனில் அப்பா சூட்கேசுகளை ஏற்றினார். தெரிந்த மனிதர் ஒருவர் வேறொரு பெட்டியில் பயணம் செய்தார். இடையில் வந்து பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்ல அப்பா போனார். மாமி தண்ணீர்ப் போத்தல் நிரப்பப் போனார். பெரியம்மா யன்னலோரம் இருந்தார். நான் மேடையில் நின்றேன். கை வியர்த்து, நூலின் மஞ்சள் விரல்களில் பிடித்திருந்தது. அவர் யன்னலால் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“ராசா, நீ பொய் சொல்லமாட்டாய். கார் இண்டைக்கு உண்மையா நல்லா ஓடினதோ, இல்லாட்டி எனக்காகச் சொல்லுகினமோ?”

உண்மை சொல்லும்படிதானே கேட்கிறார் என்று நான் தலையை ஆட்டினேன். “ஓம் பெரியம்மா. நல்லா ஓடினது.”

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அடங்கியது. “அப்ப சரி,” என்றார்.

கூடையோடு வந்த ஒரு அம்மா, பக்கத்து இடம் வெறுமையா என்று கேட்டார். பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு யன்னல் பக்கமாக ஒதுங்கினார். கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். பக்கத்தில் ஓர் ஆள் தாராளமாக இருக்கும் அளவுக்கு இடம் விட்டார்.

“இல்லை,” என்றார். “ஆள் இருக்கு.”

அவருக்குத் துணைக்கு ஒருவர் போகிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. யார் அது என்று பார்க்க மேடை முழுவதும் கண்ணை ஓட்டினேன். சனங்கள் ஏறி முடிந்தார்கள். விசில் ஊதியது. ரயில் அசைந்து, அந்த யன்னல் என்னைக் கடந்து போனபோதும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. அந்த ஆள் ரயிலைத் தவறவிட்டுவிட்டாரே என்று வீடு வந்து சேரும் வரை நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.